ஊர் பார்த்துச் சொல்பவள்

அக்மரால் வலைப்பூ ஆரம்பித்துப் பல மாதங்களாகியும் அதைப் படிக்க ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. பள்ளியில் கடைசி வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நல்ல கையெழுத்து, நல்ல மனப்பாடம், ஆசிரியர்கள் சுவர்ப்பத்திரிகையில் அவள் கட்டுரையைத்தான் ஒட்டுவார்கள். அந்தத் தைரியத்தில் அக்கம்பக்கத்தில் எல்லோரும் அரட்டைக்குப் பயன்படுத்தும் கைப்பேசியில் அவள் எழுத உட்கார்ந்தாள். இசிக்குல் ஏரி வெள்ளித் தட்டு என்று எழுதினாள். மலைகள் வெண்பட்டு உடுத்த அரசிகள் என்று எழுதினாள். எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள். அம்மா நெடுஞ்சாலை ஓரத்தில் புகை போட்ட மீன் விற்பவள். மீன்களைக் கண் வழியாகக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டே காது கொடுப்பாள்.

"ஏரி வெள்ளித் தட்டா? இருக்கட்டும். தட்டுல இன்னிக்கு ஒரு மீனும் விழலை, அதையும் சேத்து எழுதிக்கோ" என்பாள்.

அக்மராலுக்குக் கோபம் வரும். அம்மாவுக்கு இலக்கியம் தெரியாது என்று நினைத்துக்கொள்வாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் உலான் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. மேற்கே கணவாயிலிருந்து அந்தக் காற்று கிளம்பினால் ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் யாரும் தொப்பியை நம்ப முடியாது. அன்று ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையின் தகரக் கூரையே கிளம்பிப் போய்ப் பள்ளிக்கூடச் சுவரில் மோதி நின்றது. கடைக்காரர் சிதிக் ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் கால்சட்டையையும் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். அக்மரால் அதை அப்படியே பத்து வரியில் எழுதிப் போட்டாள். கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதினாள். அது எழுத்து என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அதன் கீழே முதல் பின்னூட்டம் வந்திருந்தது. ரஷ்யாவில் யாகுத்ஸ்க் நகரத்தில் கட்டட வேலை பார்க்கும் யாரோ ஒருவன். சிதிக்கின் கடை இன்னும் இருக்கிறதா, நான் அந்தச் சந்தில்தான் வளர்ந்தேன், பக்கத்தில் ஒரு பாப்ளார் மரம் இருக்குமே, அது நிற்கிறதா, பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தான். அக்மரால் பள்ளி விட்டு வரும்போது போய்ப் பார்த்தாள். மரம் வெட்டப்பட்டிருந்தது. அடிக்கட்டையில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அதை எழுதினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் பாலிக்சிக்காரர்கள், ஒருவரும் பாலிக்சியில் இல்லை. ஒருவர் மாஸ்கோவில் தெருப் பெருக்கினார், ஒருத்தி சியோலில் உணவகத்தில் பாத்திரம் கழுவினாள். எல்லோருக்கும் ஊரில் பார்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. துறைமுகத்தில் துருப்பிடித்து நிற்கும் பாரந்தூக்கியை இடித்துவிட்டார்களா? மூலைக் கடைக்காரி இன்னும் அதே திட்டுத் திட்டுகிறாளா? என் அப்பாவின் கல்லறையில் புல் மண்டிக் கிடக்கிறதா? அக்மரால் போய்ப் பார்த்தாள், வந்து எழுதினாள். ஒரு வீட்டின் கதவு பச்சை என்று எழுதியபோது கதவுக்குச் சொந்தக்காரன் பின்னூட்டத்தில் பிடித்துக்கொண்டான். அது நீலம், நான்தான் வர்ணம் அடித்தேன் என்றான். இவள் மறுபடி போய்க் கதவருகே நின்று பார்த்தாள். நீலம்தான். வெயிலில் வெளுத்துப் பச்சையாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த முறையிலிருந்து எதையும் ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு எழுதும் பழக்கம் போயிற்று. மூலைக் கடைக்காரியின் திட்டை வார்த்தை மாறாமல் எழுதியதற்கு முப்பது பேர் சிரித்து எழுதினார்கள். வெள்ளித் தட்டும் பட்டு உடுத்த அரசிகளும் எப்போது காணாமல் போனார்கள் என்று அவளுக்கே தெரியாது. பள்ளி முடித்து அம்மாவோடு மீன் கடையில் நின்றபோதும் அவள் கண் சாலையில் போகிறவர்களின் காலணியில்தான் இருந்தது.

அந்த நாட்களில்தான் புரூல் வந்தாள்.

ரஷ்யாவில் யெகாத்தெரின்புர்கில் ஒரு தையல் பட்டறையில் வேலை செய்பவள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கணவனும் அவளும் சேர்ந்துதான் போனார்கள். போன இடத்தில் அவன் வேறொருத்தியோடு போய்விட்டான். நடக்கத் தொடங்கியிருந்த மகளை ஊரில் கணவனின் அக்கா உல்கானிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பின்னூட்டத்தில் இதை எல்லாம் சொல்லாமல், தனியாக எழுதிக் கேட்டாள். மகள் பெயர் செசிம். நாத்தனார் வீட்டில் தந்தூர் அடுப்பு வைத்து ரொட்டி விற்கிறார்கள். நீ ரொட்டி வாங்குகிற மாதிரி போய் அவளைப் பார்த்து எழுதுவாயா? தொலைபேசியில் கேட்டால் நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்கிறார்கள்.

அக்மரால் போனாள். உல்கான் நீண்ட கைகளும் அனலில் சிவந்த முகமும் கொண்ட பெண். கணவனை இழந்தவள், பிள்ளை இல்லை. அடுப்புக்குள் தலையை விட்டு ரொட்டியை அதன் உட்சுவரில் அறைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் மாவு உருண்டையைப் பூனைக்குட்டி மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தாள். "அம்மா, இதுக்கு வாலு வை" என்று உல்கானிடம் நீட்டினாள். உல்கான் வால் வைத்துக் கொடுத்தாள்.

ரொட்டிக்குக் காத்திருக்கும் சாக்கில் அக்மரால் உள்ளே எட்டிப் பார்த்தாள். கண்ணாடி அலமாரியில் கோப்பைகளுக்கு நடுவே ஒரு புகைப்படம் இருந்தது. அது யார் என்று குழந்தையைக் கேட்டாள்.

"அது ரஷ்யா அக்கா. பொம்மை அனுப்புவா" என்றாள் செசிம்.

அக்மரால் சூடான ரொட்டியை மார்போடு அணைத்தபடி வீட்டுக்கு வந்தாள். எழுத உட்கார்ந்தாள். பார்த்ததை எழுதக் கை வரவில்லை. அந்தப் பட்டறையில் தையல் இயந்திரத்தின் முன்னால் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள், அவளிடம் போய் ரஷ்யா அக்கா என்று எப்படிச் சொல்வது? அடித்து அடித்து எழுதினாள். கடைசியில் ஒரு பதிவு வந்தது. ஒரு தெருவில் ஒரு சிறுமி இருக்கிறாள். அம்மாவின் புகைப்படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறாள். அந்தத் தலையணையில் மஞ்சள் பூப் போட்டிருக்கிறது, ஒரு ஓரத்தில் தையல் விட்டிருக்கிறது, அந்த ஓரத்தின் வழியாகத்தான் படத்தை உள்ளே தள்ளுவாள். தலைநகரிலிருந்து வேன் வந்து நிற்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடி, இதில் என் அம்மா இருக்கிறாளா என்று ஓட்டுநரைக் கேட்கிறாள்.

பெயர் எதுவும் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்தப் பதிவு காட்டுத் தீ மாதிரி பரவியது. தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு இணைய இதழ் எடுத்துப் போட்டது. ரஷ்யாவெங்கும் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் எழுதினார்கள், அழுதேன், அழுதேன் என்று எழுதினார்கள். ஒரு மாதம் அக்மரால் தரையில் கால் பாவாமல் நடந்தாள். நீ எழுத்தாளர் ஆகிவிட்டாய் என்று யாகுத்ஸ்க்காரன் எழுதினான். புரூல் எழுதியது ஒரே வரி. நன்றி தங்கச்சி, நான் வருகிறேன்.

அந்த வரியைப் பார்த்ததும் அக்மரால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். சும்மா சொல்கிறாள், வரமாட்டாள், வேலையை விட்டு எப்படி வருவாள் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஆப்ரிகாட் மரங்களில் காய் பிடித்த சமயத்தில் புரூல் வந்துவிட்டாள். வேனிலிருந்து இறங்கி நேரே மீன் கடைக்குத்தான் வந்தாள். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, கையில் பெரிய பையோடு. இங்கே அக்மரால் யார் என்று கேட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மீன் வாசம் ஒட்டும் என்று அக்மராலின் அம்மா சொன்னதைக் காதில் வாங்கவில்லை. வேலையை விட்டுவிட்டேன், இனி இங்கேயே ஏதாவது தைத்துப் பிழைத்துக்கொள்வேன் என்றாள். நீயும் வா, உன்னால்தான் வந்தேன், நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தாள். அக்மராலுக்கு வாய் திறக்க அது ஒரு சந்தர்ப்பம். தெருமுனை வரை சந்தர்ப்பம் இருந்தது. அவள் திறக்கவில்லை.

முற்றத்தில் செசிம் ஒரு வாளித் தண்ணீரில் செருப்பை மிதக்கவிட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். புரூல் பையைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். கையை நீட்டினாள். "கண்ணு, நான்தான்டா, நான் வந்துட்டேன்" என்றாள். செசிம் எழுந்து உல்கானின் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கிருந்து ஒரு கண்ணால் பார்த்தாள். புரூல் அவசர அவசரமாகப் பையைத் திறந்து ஒரு ஜோடி சிவப்பு ஷூவை எடுத்தாள். உல்கான் குழந்தையை முன்னால் தள்ளினாள், போட்டுக்கோ, உனக்குத்தான் என்றாள். ஷூ உள்ளே போகவில்லை. குழந்தையின் கால் அவள் நினைத்ததைவிட எப்போதோ வளர்ந்துவிட்டிருந்தது.

செசிம் ஒற்றைக் காலில் நின்றபடி மேலே பார்த்து, "அம்மா, இந்த ரஷ்யா அக்கா எப்போ போவா?" என்று உல்கானைக் கேட்டாள்.

புரூல் திரும்பி அக்மராலைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வழி தெரியாத ஊரில் வழி கேட்கிறவர்கள் பார்ப்பது போலப் பார்த்தாள்.

புரூல் சும்மா விட்டுவிடவில்லை. அதே தெருவில் ஒரு அறை எடுத்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டாள். கத்தமா என்ற அடுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள், துணிப் பொம்மைக்குச் சட்டை தைத்தாள், ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாள். செசிம் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. விருந்தாளி வீட்டுக்குப் போன பிள்ளை மாதிரி மரியாதையாக இருந்தாள். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் புரூல் அசந்த நேரம் பார்த்துத் தானே செருப்பை மாட்டிக்கொண்டு ரொட்டி அடுப்புக்குப் போய்விடுவாள். புரூல் தேடிக்கொண்டு வரும்போது உல்கானின் மடிக்கு அருகே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பாள். புரூலைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டு எழுந்து கையைக் கொடுப்பாள்.

ஒருநாள் ரொட்டி வாங்கப் போன அக்மராலிடம் உல்கான் தானாகவே பேசினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் ஒண்ணும் பிள்ளையப் பறிச்சுக்கல. போட்டோவ தினமும் காட்டுனேன், இதான்டி உன் அம்மான்னு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். சிரிக்கும், சரிங்கும், திரும்பி என்னை அம்மாங்கும். நான் என்ன பண்ண?" என்றாள். பிறகு முகத்தை அடுப்புக்குள் நுழைத்துக்கொண்டாள். வெளியே எடுக்க வெகுநேரமாயிற்று.

கோடை முடிவதற்குள் புரூல் தோற்றுப்போனாள். ஒரு காலை மகளைத் தேடி வந்தவள், வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கூப்பிடாமல் திரும்பிப் போனாள். மறுநாள் பொம்மைகளையும் சட்டைகளையும் உல்கானிடம் கொண்டுவந்து வைத்தாள். பட்டறையில் மறுபடி எடுத்துக்கொள்கிறார்களாம் என்றாள். இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுததாக அக்மராலின் அம்மா கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

அக்மரால் வேன் நிறுத்தத்துக்கு ஓடினாள். புரூல் ஜன்னல் ஓர இருக்கையில் பையை வைத்துவிட்டுக் கீழே நின்றிருந்தாள். வேன் நிறைந்தால்தான் கிளம்பும், இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று ஓட்டுநர் கூவிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் எழுதுனது பொய்" என்றாள் அக்மரால். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மற்றது எதுவும் வரவில்லை.

"தெரியும்."

"படம் அலமாரிலதான் இருந்துச்சு. தலகாணின்னு நானா எழுதுனேன்."

புரூல் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "மஞ்சப் பூப் போட்ட தலகாணின்னு எழுதியிருந்தே. ஓரத்துல தையல் விட்டிருக்குன்னு எழுதியிருந்தே. நான் தையக்காரி. தையல் விட்டதக்கூடப் பாத்து எழுதியிருக்காளே இந்தப் பொண்ணு, இது பொய்யா இருக்காதுன்னு நெனச்சேன்."

அக்மரால் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தையல் விட்ட ஓரத்தை எழுதியபோது தனக்கே தட்டிக்கொடுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. பொய்யையும் உண்மை மாதிரி எழுதும் வித்தையை அந்தப் பின்னூட்டக்காரர்கள்தான், கதவு நீலம் என்று திருத்தித் திருத்தி, அவளுக்கு ஊட்டியிருந்தார்கள்.

"உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னுதான் அக்கா."

"சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதப் படிச்சதுலேர்ந்து இங்க வந்து எறங்குற வரைக்கும் இருந்த மாதிரி நான் எப்பவுமே இருந்ததில்ல. மிஷின்ல கூட உக்காந்து பாடுனேன். பக்கத்துல இருக்கிறவளுக என்னடி புரூல் கல்யாணமான்னு கேட்டாளுக." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "இனிமே எழுதுனா உள்ளத எழுது. அவ சிரிச்சா சிரிச்சான்னு எழுது. என்னை அதுல இழுக்காதே. நான் அதுல இல்ல."

வேன் நிறைந்தது. புரூல் ஏறிக்கொண்டாள். அக்மராலுக்குக் கை அசைக்கத் தோன்றியது, கூச்சமாக இருந்தது, அசைக்கவில்லை.

அந்த வாரமே அவள் அந்தப் பதிவின் தலையில், இது நடந்ததல்ல, நான் கட்டியது, இதை நம்பி ஒருவர் பெரிதாக நஷ்டப்பட்டார் என்று எழுதினாள். திட்டு மழையாகக் கொட்டியது. எங்கள் கண்ணீரை ஏமாற்றி வாங்கினாயே என்றார்கள். பிஷ்கெக் இதழ் ஒரு வார்த்தை சொல்லாமல் பதிவைத் தூக்கிவிட்டது. வாசகர்களில் பாதிப் பேர் போனார்கள். வலைப்பூவை மூடிவிடலாம் என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா கம்பியிலிருந்து ஒரு மீனைக் கழற்றினாள். "கெட்டுப்போன மீன ஒருநாள் வித்துட்டேன்னு நான் கடைய மூடுனேனா? மறுநாள்லேர்ந்து மோந்து பாத்து வித்தேன்" என்றாள்.

அதன்பின் மாதத்துக்கு ஒருமுறையாவது செசிமைப் பற்றி எழுதினாள். உல்கானிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினாள். ஒரு சிறுமி என்று மட்டும் எழுதுவாள். இன்று அவளுக்கு முன்பல் விழுந்தது, கூரைமேல் எறிந்தாள், மூன்றாவது எறிதலில்தான் தங்கியது. வாத்துகளுக்குப் பயப்படுகிறாள், ஆனால் பயமில்லை என்று வாத்துகளிடமே போய்ச் சொல்கிறாள். மாவில் தன் பெயரின் முதல் எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதினாள். அழகு பார்த்து ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சேர்க்கக் கை நீளும்போதெல்லாம் மஞ்சள் பூப் போட்ட தலையணை வந்து கையைத் தட்டிவிட்டது. எழுதி, கூட்டியதை எல்லாம் எடுத்துவிட்டு, மிச்சம் நிற்பதை மட்டும் போட்டாள். ஒவ்வொன்றின் கீழும் புரூல் ஒரே சொல் எழுதுவாள். படித்தேன். சில மாதம் அந்தச் சொல் வரத் தாமதமாகும். அப்போது அக்மராலுக்கு மீன் நிறுப்பதில் கணக்குத் தப்பும்.

போன வாசகர்கள் மெல்லத் திரும்பினார்கள். புதியவர்கள் வந்தார்கள். தலைநகரில் ஒரு பதிப்பகத்தார் எழுதிக் கேட்டார்கள், இந்த வயதில் இவ்வளவு சுருக்கமாக எழுத எங்கே கற்றாய் என்று. அவள் பதில் போடவில்லை.

செசிம் பள்ளியில் சேர்வதற்கு முந்தைய வசந்தத்தில் அவள் ஒரு பதிவு எழுதினாள். முற்றத்து வெயிலில் உல்கான் செசிமின் தலையை வாரிவிடுகிறாள். நீளமான முடி. சிக்கு எடுக்க எடுக்கக் குழந்தை தூங்கிப்போகிறது. தலை உல்கானின் முழங்காலில் சாய்கிறது. அடுப்பில் ரொட்டி கருகும் வாடை வருகிறது. உல்கான் எழுந்திருக்கவில்லை, ரொட்டி கருகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். எழுதி முடித்தபோது இதுவரை எழுதியதில் இதுதான் எழுத்து என்று அக்மராலுக்குத் தெரிந்தது.

நான்கு நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு புரூல் எழுதினாள், முதல் முறையாக ஒரு சொல்லுக்கு மேலே எழுதினாள்.

"ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறாய், தங்கச்சி. பக்கத்தில் நின்று பார்த்தது போல இருந்தது. முடியின் சிக்குகூட என் விரலில் பட்டது. முன்னால் எல்லாம் நீ எழுதியதைப் படித்துவிட்டு வேலைக்குப் போக முடிந்தது. இதைப் படித்துவிட்டு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. இனி அவளைப் பற்றி எழுதாதே. உன் மேல் கோபமில்லை."

அக்மரால் பதில் எழுதினாள், அழித்தாள், எழுதினாள். கடைசியில் சரி அக்கா என்று மட்டும் அனுப்பினாள். அதற்குப் பதில் வரவில்லை. பிறகு எதற்கும் வரவில்லை. யெகாத்தெரின்புர்கில் இருந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டபோது, புரூல் பட்டறையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை.

பதிப்பகத்தார் பதிவுகளைப் புத்தகமாகப் போட முன்வந்தார்கள். அந்தச் சிறுமியைப் பற்றியவைதான் உயிர், அவை இல்லாமல் எப்படி என்று வாதாடிப் பார்த்தார்கள். அக்மரால் கொடுக்கவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. அவை இல்லாமலே சிறிய புத்தகமாக வந்தது. அம்மா மீன் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு பிரதியைத் தொங்கவிட்டாள்.

செப்டம்பர் முதல் தேதி பள்ளிக்கூடம் திறந்தது. அக்மரால் வேலியோரமாக நின்றாள். செசிம் உல்கானின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரட்டைச் சடையில் பெரிய வெள்ளை ரிப்பன், கையில் ஆசிரியைக்குக் கொடுக்க அவள் உயரத்துக்குப் பூங்கொத்து. பூக்களுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. வாசற்படியில் தடுக்கி விழப்பார்த்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். அக்மராலைப் பார்த்ததும் மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள். உள்ளே போகும் முன் திரும்பி, உல்கானைப் பார்த்து, நீ போகலாம் என்பது போலப் பெரிய மனுஷி மாதிரி தலையசைத்தாள். உல்கான் போகவில்லை.

அன்று மாலை அக்மரால் வலைப்பூவில் எழுதினாள். பாலிக்சியில் இன்று பள்ளி திறந்தது, காற்று இல்லை, யாருடைய பிள்ளை எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால் கேளுங்கள், நான் அங்கே நின்றிருந்தேன். கேள்விகள் வரத் தொடங்கின. யாகுத்ஸ்கிலிருந்து, சியோலிலிருந்து, மாஸ்கோவிலிருந்து. என் மகன் அழுதானா? என் தங்கை மகளுக்கு நான் அனுப்பிய பை தோளில் இருந்ததா? ஒவ்வொருவருக்கும் பார்த்ததைப் பார்த்தபடி பதில் எழுதினாள். உங்கள் மகன் அழுதான், ஆனால் வரிசையில் நின்றபின் நிறுத்திவிட்டான். பை இருந்தது, ஒரு வாரில்தான் மாட்டியிருந்தாள்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு அக்மரால் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கேட்டவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்லி முடித்திருந்தாள். இன்னும் ஒருத்தி கேட்கவில்லை.